நாஜி ஜெர்மனியில் வணிகப் பக்கம் எழுதியவர்கள்

1933 அக்டோபர் 4-ஆம் தேதி ஜெர்மனியில் பத்திரிகை ஆசிரியர் சட்டம் வந்தது. அடுத்த ஜனவரி 1 முதல் அமல். நாளிதழில் எழுத வேண்டுமானால் தொழில் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் சேர 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஜெர்மன் குடியுரிமை வேண்டும், ‘ஆரிய’ வம்சம் என்று காகிதம் காட்ட வேண்டும், கணவரோ மனைவியோ யூதராக இருக்கக் கூடாது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அத்தோடு பிழைப்பு போயிற்று. எழுதியதற்கு ஆசிரியரே நேரடியாக அரசுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாளி சொல்லி எழுதினேன் என்று தப்ப முடியாது.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரசியல் பக்கத்தை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். 14-ஆம் பிரிவைப் படித்தால் வேறு விஷயமும் தெரியும். நாட்டின் பாதுகாப்பு வலிமையையும் பண்பாட்டையும் பலவீனப்படுத்தும் எதையும் அச்சிடக் கூடாது என்கிற அதே வரியில் பொருளாதாரமும் இருக்கிறது. வெண்ணெய் கிடைக்கவில்லை, பருத்தி வரவில்லை, அன்னியச் செலாவணி தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது ஜெர்மன் பொருளாதாரத்தைப் பலவீனப்படுத்திய குற்றம். அதற்கு நான்கு மாதம் முன்பே, 1933 ஜூன் 12-இல், ‘ஜெர்மன் பொருளாதாரத்துக்குத் துரோகம்’ என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வெளிநாட்டில் வைத்திருக்கும் சொத்தை மறைப்பவர்களுக்கானது அது. பொருளாதாரமும் துரோகமும் ஒரே சட்டத் தலைப்பில் வந்துவிட்ட நாட்டில் வணிகச் செய்தி எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

பெர்லினில் பெர்லினர் பியோர்சன்-சைட்டுங் என்று ஒரு நாளிதழ் இருந்தது. பங்குச் சந்தைக்காரர்களும் வங்கிக்காரர்களும் படிக்கிற பத்திரிகை. அதில் வேலை பார்த்த இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தத் தொழிலுக்கு என்ன நேர்ந்தது என்பது நன்றாகப் புரியும்.

முதலாமவர் வால்டர் ஃபுங்க். 1890-இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். சட்டமும் பொருளாதாரமும் படித்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பத்திரிகையில் சேர்ந்து, வணிகப் பிரிவைப் பார்த்து, 1922-இல் தலைமை ஆசிரியரானார். ஐந்தொகை (ஒரு நிறுவனத்தின் சொத்து, கடன் கணக்கு) படிக்கத் தெரிந்தவர், பெரிய தொழிலதிபர்களோடு நல்ல பழக்கம் உள்ளவர். 1931-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். கட்சிக்கு அவரிடமிருந்து வேண்டியிருந்தது அந்தப் பழக்கம்தான்; ஹிட்லருக்கும் ஆலை முதலாளிகளுக்கும் நடுவே பாலமாக இருந்தார். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் அரசின் பத்திரிகைத் தலைவர். 1933 மார்ச்சில் கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகம் தொடங்கியபோது அங்கே அரசுச் செயலர். 1938-இல் பொருளாதார அமைச்சர். 1939 ஜனவரியில் ரைஷ்பாங்க் என்ற மைய வங்கிக்கும் தலைவர்.

இரண்டாமவர் வால்டர் ஷ்வெர்ட்ஃபெகர். அதே பத்திரிகைக்காரர். பெர்லினில் பிரச்சார அமைச்சகம் தினமும் நண்பகலில் பத்திரிகையாளர் கூட்டம் நடத்தும். எதைப் பெரிதாகப் போட வேண்டும், எதைத் தொடவே கூடாது, எந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே உத்தரவு வரும். குறித்துக்கொள்ளலாம், ஆனால் வேலை முடிந்ததும் குறிப்பை அழித்துவிட வேண்டும். அந்த உத்தரவுகளை ஷ்வெர்ட்ஃபெகர் வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்குக் கொடுத்தார். 1935-இல் கைது. 1936-இல் மக்கள் நீதிமன்றம் என்று பெயர் வைத்திருந்த நாஜி நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. போர் முடிந்தபோதுதான் விடுதலை.

அந்த உத்தரவுகளைப் பிறப்பித்த அமைச்சகத்தில் அப்போது கோயபல்ஸுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் ஃபுங்க். ஒரே பத்திரிகையிலிருந்து போன இருவரில் ஒருவர் உத்தரவு போடும் இடத்தில் உட்கார்ந்தார், மற்றவர் அந்த உத்தரவை வெளியே சொன்னதற்காகச் சிறையில் இருந்தார். பயம், குடும்பம், காலம் என்று எத்தனை காரணம் சொன்னாலும், எல்லோருக்கும் ஒரே வழிதான் இருந்தது என்று மட்டும் சொல்லவே முடியாது.

அந்தக் குறிப்புகளை அழிக்காமல் ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள். ஃபிராங்ஃபுர்ட்டர் சைட்டுங் நாளிதழின் பெர்லின் அலுவலகத்தில் இருந்த ஃபிரிட்ஸ் சேங்கர், வேறு பத்திரிகைகளுக்காகக் கூட்டத்துக்குப் போன கார்ல் பிராமர் ஆகியோரின் குறிப்புகள் இன்று கோப்லென்ஸ் நகரிலுள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாஜி காலத்துப் பத்திரிகை உத்தரவுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் காத்த காகிதங்களிலிருந்து வந்ததுதான்.

இனி எண்களுக்கு வருவோம். இந்த விஷயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து நண்பர்கள் உடனே கேட்பது: “அண்ணே, ஹிட்லர் ஆட்சியில வந்த புள்ளிவிவரம் எல்லாமே பொய்தானே?” பெரும்பாலும் இல்லை. எண்ணைத் திரிப்பதைவிட எண்ணை நிறுத்துவதுதான் அந்த ஆட்சியின் வழக்கம். ஆயுத உற்பத்திக்குத் திட்டம் போட அமைச்சகங்களுக்கே சரியான எண் தேவை. புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். இரண்டு கணக்கு வைத்து நடத்துவது லேசான காரியம் இல்லை. ஜெர்மனிக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகள் தங்கள் பக்கத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் பொய் சொல்வதைவிட வாயை மூடிக்கொள்வது சுலபம். 1934–35 நிதியாண்டுக்குப் பிறகு மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் வெளிவரவே இல்லை. ஒரு நாட்டின் பட்ஜெட் அப்படியே காணாமல் போனது. வணிகச் செய்தியாளருக்கு அதுவே பெரிய செய்தி. அதைச் செய்தியாக எழுதத்தான் முடியாது.

எழுத முடியாததைப் படிக்கவாவது முடிந்தது. ரைஷ்பாங்க் மாதம் நான்கு முறை தன் நிலை அறிக்கையை வெளியிடும்: 7, 15, 23, மாதக் கடைசி. எல்லா வணிகப் பக்கத்திலும் அது சின்ன எழுத்தில் வரும். தங்கம் ஒரு வரி, அன்னியச் செலாவணி ஒரு வரி, உண்டியல்களும் (குறித்த தேதியில் பணம் கொடுப்பதாக எழுதும் வணிகச் சீட்டு) காசோலைகளும் ஒரு வரி, எதிர்ப்பக்கம் புழக்கத்தில் உள்ள நோட்டு ஒரு வரி. மாதக் கடைசியில் சம்பளமும் வாடகையும் கொடுக்க வேண்டியிருப்பதால் நோட்டுப் புழக்கம் ஏறும், 23-ஆம் தேதி வாக்கில் இறங்கும். ஆகவே கடைசித் தேதியை 23-உடன் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். போன வருஷம் அதே தேதியோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்டவர் கண்ணில் பட்டது இது. 1932 கடைசியில் தங்கமும் செலாவணியும் சேர்ந்து சுமார் 92 கோடி மார்க். 1934 கோடையில் அது 8 கோடிக்கும் கீழே. சரி, கையில் காசு தீர்ந்துவிட்டது என்று புரியும். அந்த செப்டம்பரில் அப்போதைய ரைஷ்பாங்க் தலைவர் ஷாக்ட் ‘புதிய திட்டம்’ என்று கொண்டுவந்து, இறக்குமதி ஒவ்வொன்றுக்கும் முன்னனுமதி வாங்கச் சொன்னது இதனால்தான். அதன் பிறகு அந்த வரி 7 கோடி அளவிலேயே வருஷக்கணக்காக அசையாமல் நின்றது. அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அந்நாட்டு மைய வங்கியிலிருந்து சுமார் 78 டன் தங்கம் பெர்லினுக்கு வந்தது. ஒரு கிலோ தங்கத்துக்குச் சட்டப்படி 2,790 மார்க். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 22 கோடி. அறிக்கையில் தங்கம் என்ற வரி அசையவில்லை. வந்த தங்கம் வெளியே காட்டாத கணக்குக்குப் போயிற்று.

அடுத்தது உண்டியல் என்ற வரி. 1932 கடைசியில் சுமார் 280 கோடி மார்க்காக இருந்தது 1938 கடைசியில் 820 கோடியைத் தாண்டியது. வணிகம் நடந்தால் உண்டியல் பெருகுவது இயல்பு. ஆனால் விலைவாசி கட்டுப்பாட்டில், ஏற்றுமதி மந்தத்தில் இருக்கும்போது மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது?

மெஃபோவிலிருந்து. க்ருப், சீமென்ஸ் உள்ளிட்ட நான்கு பெரிய தொழில் நிறுவனங்களின் பெயரில், உலோக ஆராய்ச்சிக் கழகம் (அதன் ஜெர்மன் பெயரின் சுருக்கம்தான் மெஃபோ) என்று ஒன்றைப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 லட்சம் மார்க். ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. பீரங்கி செய்து கொடுத்த ஆலை, அரசிடம் பணம் கேட்காமல், மெஃபோ பெயரில் உண்டியல் எழுதும். மெஃபோ அதில் ஒப்புதல் கையெழுத்துப் போடும். ஆலை அதை வங்கியில் கொடுத்துக் காசாக்கிக்கொள்ளும். வங்கி விரும்பினால் வட்டிக்காகத் தானே வைத்துக்கொள்ளலாம், வருஷம் 4 சதவீதம். வேண்டாமென்றால் ரைஷ்பாங்க் வாங்கிக்கொள்ளும். மைய வங்கிச் சட்டப்படி மூன்று மாத உண்டியலைத்தான் வாங்கலாம். எனவே காகிதத்தில் மூன்று மாதம் என்று இருக்கும். தவணை வரும்போதெல்லாம் நீட்டித்து நீட்டித்து ஐந்து வருஷம் வரை ஓட்டலாம். இரண்டு கையெழுத்து, குறுகிய தவணை, வணிக உண்டியல் என்று பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். உள்ளே இருந்தது ஆயுதக் கடன். 1938-க்குள் மொத்தம் சுமார் 1,200 கோடி மார்க். அரசு வெளியிட்ட கடன் கணக்கில் ஒரு மார்க்கூட இல்லை.

ஏலக்காய்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். புத்தடியிலும் போடியிலும் நடக்கிற ஏலத்தின் தினசரித் தாளில் வரத்து, விற்றது, உச்ச விலை, சராசரி விலை என்று வரும். நேற்று ஏலத்தில் எடுத்த காயையே நாளைக்குத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் ரீபூலிங் நடந்தால் வரத்து எண் பெரிதாகத் தெரியும். அந்த எண் பொய் இல்லை, அத்தனை மூட்டையும் நிஜமாகவே வந்திருக்கிறது. ஆனால் தோட்டத்தில் அத்தனை காய் இல்லை. சராசரியும் உச்சமும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ரைஷ்பாங்க் அறிக்கை படிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம்.

வேலையில்லாதோர் கணக்கும் இந்த வகைதான். 1933 தொடக்கத்தில் 60 லட்சம், 1937-இல் 10 லட்சத்துக்கும் கீழே. ஆயுத வேலையால் உண்மையிலேயே குறைந்ததும் அதில் உண்டு. அரசு நிவாரண வேலைக்குப் போனவர்கள் பட்டியலிலிருந்து போனார்கள். வேலையை விட்டு நிற்கும் மணப்பெண்ணுக்காகத் தம்பதிக்கு 1,000 மார்க் வரை திருமணக் கடன் கொடுத்தார்கள். அந்தப் பெண்களும் போனார்கள். 1935-இல் கட்டாய ராணுவச் சேவை வந்ததும் இளைஞர்களும் போனார்கள்.

நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் வேறு சிக்கல். 1934 டிசம்பரில் வந்த சட்டப்படி பங்கு ஈவு 6 சதவீதத்தை, சிலருக்கு 8 சதவீதத்தை, தாண்டக் கூடாது. தாண்டினால் மிச்சம் அரசுக் கடன் பத்திரத்துக்குப் போகும். அதனால் பல கம்பெனிகள் 6 என்றே அறிவிக்கும். லாபம் எவ்வளவு என்று ஈவிலிருந்து தெரியாது. தேய்மானத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், வாடிக்கையாளர் முன்பணம் எவ்வளவு வந்திருக்கிறது என்ற வரிகளைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் மதிப்பை ஒரே வருஷத்தில் பாதியாக எழுதிக் குறைக்கிற ஆலைக்கு ஆர்டர் எங்கிருந்து வருகிறது என்பது சொல்லாமலே தெரியும். விலையில் இன்னும் நுணுக்கம் வேண்டும். 1936 நவம்பர் 26-இல், அக்டோபர் நடுவில் இருந்த விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. விலைக் குறியீடு கிட்டத்தட்ட நின்றது. சட்டைத் துணியின் விலை ஏறவில்லை, ஆனால் துணியில் பருத்தி குறைந்து மரக்கூழ் நார் ஏறியது. இரண்டு வருஷம் உழைக்க வேண்டிய சட்டை ஒரு வருஷத்தில் கிழிந்தால் அது விலையேற்றம்தான்; எந்தக் குறியீட்டிலும் வராது.

இப்படிப் படிக்கத் தெரிந்தவர்களில் மிகச் சிறந்தவர் என்று நான் மதிப்பது குஸ்டாவ் ஷ்டோல்பரை. 1888-இல் வியன்னாவில் பிறந்த யூதர். அங்கே பொருளாதார வார இதழ் நடத்திப் பழகி, 1925-இல் பெர்லினுக்கு வந்து, 1926-இல் டெர் டாய்ச்ச ஃபோல்க்ஸ்விர்ட் என்ற வார இதழைத் தொடங்கினார். பொருளாதார அறிஞர் சும்பீட்டர் அதில் எழுதினார். 1930 முதல் 1932 வரை ஷ்டோல்பர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். மனைவி டோனி ஷ்டோல்பரும் பொருளாதாரம் படித்தவர், இதழின் வேலையில் பங்கு கொண்டவர். 1933-இல் இதழைக் கைமாற்றிவிட்டுக் குடும்பத்தோடு நியூயார்க் போனார்கள். இதழ் அதே பெயரில் வேறு கைகளில் தொடர்ந்து வந்தது. பெயரை மட்டும் பார்த்து 1936 இதழை ஷ்டோல்பருடைய கருத்தாக மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அட்டையில் ஆண்டைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

வெளியேறுவதும் சும்மா இல்லை. நாட்டை விட்டுப் போகிறவர்கள் சொத்தில் 25 சதவீதம் வரி கட்ட வேண்டும். அது நாஜிகள் கொண்டுவந்தது அல்ல, 1931 டிசம்பரில் அப்போதைய பிரதமர் ப்ரூனிங்கின் அரசு மூலதனம் வெளியேறாமல் தடுக்கக் கொண்டுவந்தது. அப்போது பெரும்பாலும் 2 லட்சம் மார்க்குக்கு மேல் சொத்து உள்ளவர்களுக்குத்தான். 1934-இல் அந்த எல்லையை 50,000 மார்க்காக இறக்கினார்கள். நெருக்கடிக்காகப் போட்ட வரி, துரத்தப்பட்டவர்களைக் கொள்ளையடிக்கும் கருவியாக மாறியது. ஷ்டோல்பர் 1947-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஹூவரின் குழுவோடு அழிந்த ஜெர்மனியைப் பார்வையிடத் திரும்பி வந்தார். அந்த டிசம்பரிலேயே நியூயார்க்கில் இறந்தார். ஃபோஸிஷ சைட்டுங் என்ற பெர்லின் நாளிதழின் ஆசிரியராக இருந்த ஜியார்ஜ் பெர்ன்ஹார்டும் பொருளாதார எழுத்தாளர்தான். 1933 ஆகஸ்டில் குடியுரிமை பறிக்கப்பட்ட முதல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பாரிஸ் போய் அங்கேயே ஒரு ஜெர்மன் நாளிதழ் தொடங்கினார்.

போகாமல் இருந்து எழுதியவர்களை எப்படி மதிப்பிடுவது? ஃபிராங்ஃபுர்ட்டர் சைட்டுங் இதற்கு முக்கியமான உதாரணம். எண்ணை அட்டவணையில் போட்டுவிட்டு விமர்சனத்தை விட்டுவிடுவது, வெளிநாட்டுப் பணவீக்கத்தைப் பற்றி விரிவாக எழுதி உள்நாட்டு வாசகரை யோசிக்க வைப்பது என்று வரிகளுக்கு நடுவே எழுதினார்கள். விவரம் தெரிந்த வாசகருக்கு அது உதவியது. அதே சமயம், ஜெர்மனியில் இன்னும் நாகரிகமான பத்திரிகை இருக்கிறது என்று வெளிநாட்டுக்குக் காட்ட ஆட்சிக்கும் அது உதவியது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயம் இல்லை. ஹிட்லரின் உத்தரவால் 1943 ஆகஸ்ட் 31-ஆம் தேதி இதழோடு அந்தப் பத்திரிகை நின்றது.

ஃபுங்கிடம் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. யூதர்களைப் பொருளாதார வாழ்விலிருந்து விரட்டிய 1938 நவம்பர் ஆணைகளில் அவருக்குப் பங்கு உண்டு. 1942 ஆகஸ்ட் முதல், கொல்லப்பட்டவர்களின் நகைகளும் தங்கப் பற்களும் எஸ்.எஸ். படையிடமிருந்து 76 தடவையாக ரைஷ்பாங்குக்கு வந்தன. வங்கித் தலைவர் அவர். நூரம்பர்க்கில் 1946-இல் ஆயுள் தண்டனை. உடல்நலம் காரணமாக 1957-இல் விடுவித்தார்கள், 1960-இல் இறந்தார். எஸ்.எஸ். கொண்டுவந்த பொருள்கள் மைய வங்கியின் பேரேட்டில் ஏறின. பேரேடு படிப்பதையே தொழிலாகத் தொடங்கிய மனிதர், அந்த வரவு எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொன்னதை நான் நம்பவில்லை. நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை.

இதையெல்லாம் நேரடியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது, செலவும் இல்லை. அமெரிக்க மைய வங்கி வெளியிட்ட ஃபெடரல் ரிசர்வ் புல்லட்டின் பழைய இதழ்கள் ஃப்ரேசர் என்ற தளத்தில் இலவசம். 1933 முதல் 1939 வரையிலான இதழ்களில் வெளிநாட்டு மைய வங்கிகள் அட்டவணையில் ஜெர்மனி தனியாக இருக்கும்: தங்கம், செலாவணி, உண்டியல், நோட்டுப் புழக்கம். மாதக் கடைசி எண்கள் மட்டுமே வரும், நடுத்தேதி ஏற்ற இறக்கம் அதில் கிடைக்காது. எண்கள் மில்லியன் மார்க்கில் இருக்கும். 10-ஆல் வகுத்தால் கோடி. ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு, டிசம்பர் எண்ணை டிசம்பரோடு வைத்து ஏழு வருஷத்துக்கு எழுதுங்கள். ஜெர்மன் தெரிந்தவர்கள் ஹாம்பர்க் பொருளாதார நூலகத்தின் பத்திரிகைத் துணுக்குக் காப்பகத்தையும் பார்க்கலாம். நபர் வாரியாக, கம்பெனி வாரியாக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். பழைய எழுத்துருவில் எஸ்-உம் எஃப்-உம் ஒன்றுபோலத் தெரியும், தேடுபொறி அடிக்கடி தவறவிடும். ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்த எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடுங்கள். ஃபுங்கின் வாக்குமூலம் யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் தளத்தில் இருக்கிறது, 1946 மே மாத அமர்வுகளில் பாருங்கள்.